கடனாளி யார்?

தோட்டத்து மக்கள் குடித்தும் திருவிழா எடுத்துமே கடனாளி ஆனார்கள் என்று உடப்புசல்லாவைக் கடைவீதியிலும் சொல்வோர் உளர். குடியை நியாயப்படுத்த வேண்டியதில்லை. குடிக்காத வீட்டிலும் கடன் கொப்பி இருக்கிறதே! முன்னோர் மலைக்கு வருமுன்பே கடனாளிகள். வழிச்செலவுக்குக் கங்காணி கொடுத்த முற்பணம் அவர்கள் பேரில் பற்றெழுதப்பட்டது. கடனைக் கட்டினால் ஆளை விடுவதாகத் துரை எழுதித் தரும் 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டம் போக முடியாது. புதிய தோட்டம் பணத்தைக் கட்டும். கடன் தீராது, கைமாறும். 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

1995இல் சமுர்த்தி வந்தபோது, சம்பளக்காரர் என்று தோட்டக் குடும்பங்களில் பெரும்பாலானவை விடப்பட்டன. கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடும் இடத்தில் அது என்ன சம்பளமோ! 2023இல் தொடங்கிய அஸ்வெசும திட்டம் வருமானத்தோடு வீட்டின் நிலை, கல்வி, சுகாதாரம் ஆகியவற்றையும் பார்க்கிறது. லயன் அறையில் இருப்போர் அதையும் விண்ணப்பத்தில் தவறாது எழுத வேண்டும்.