பரணில் கிடக்கும் அமானத்து

நம் வீட்டுப் பரணைச் சற்று எண்ணிப் பாருங்கள். கலியாணத்துக்கு வந்த பித்தளை அண்டா, ஈயம் போன தேக்சா, ட்ரங்குப் பெட்டி நிறையப் பழந்துணி, பிள்ளைகள் படித்து முடித்த புத்தகங்கள். 'எதற்காவது உதவும்' என்று ஏற்றி வைத்தோம். ஆண்டுகள் பல சென்றும் நமக்கு உதவவில்லை. தேவைப்பட்டவருக்கும் போய்ச் சேரவில்லை. ரமலானுக்கு முன் வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்வது நம் வழக்கம். அவ்வேலையை இபாதத்தாக ஆக்கிக்கொள்ளும் முறையைக் காண்போம்.

முதலில், பொருள் யாருடையது என்று பார்க்க வேண்டும். மனைவியின் சீர்ப்பாத்திரம் மனைவிக்கே சொந்தம். அவர் சம்மதமின்றிக் கணவர் எடுத்துக் கொடுத்தல் கூடாது. மௌத்தானவரின் சட்டை, கைக்கடிகாரம், கட்டில் ஆகியவற்றை உடனே தருமம் செய்துவிடுகிறோம். நன்மை நாடித்தான் செய்கிறோம். ஆனால் அவை வாரிசுகளின் சொத்து. பருவமடையாத வாரிசு இருந்தால் அப்பிள்ளையின் பங்கைத் தருமம் செய்யத் தாய்க்கும் உரிமையில்லை. பங்கு பிரித்த பின், வயது வந்தவர் தம் பங்கிலிருந்து கொடுக்கலாம்.

இரண்டாவது, கணக்கு. புழங்கும் பாத்திரத்துக்கும் உடுத்தும் துணிக்கும் ஜகாத் இல்லை. ஆயினும் ஹனஃபி மத்ஹபில், தேவைக்கு மேல் தேங்கிய பொருள்களின் மதிப்பு, கடன் போக, 52½ தோலா வெள்ளியின் விலையை எட்டினால் அவர் ஃபித்ரா கொடுக்கவும் குர்பானி செய்யவும் கடமைப்பட்டவராகிறார். ஜகாத் வாங்கவும் அவருக்கு ஆகாது. கையில் ரொக்கம் இல்லாததால் தம்மை ஏழை என்று எண்ணியிருப்பவரைப் பரண் செல்வராக்கிவிடலாம்! பொருளையே ஜகாத்தாகக் கொடுப்பதானால், வாங்கிய விலையை அல்ல, இன்று அது விற்கும் விலையையே கணக்கிட வேண்டும்.

மூன்றாவது, கொடுக்கும் பொருளின் தரம். 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தபின் நாகப்பட்டினக் கரைக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. உடுத்த முடியாதவை சாலையோரத்தில் குவிந்தன. வீடிழந்து நின்ற மீனவ மக்களும் அவற்றைத் தொடவில்லை. 1999-ல் டில்லியில் தொடங்கப்பட்ட கூஞ்ச் என்னும் தொண்டு நிறுவனம் பிறகு அவற்றைத் தரம் பிரித்துப் பயனாக்கும் வேலையை மேற்கொண்டது. நமக்கு ஒருவர் கொடுத்தால் முகம் சுளித்தே வாங்கக்கூடிய மட்டமான பொருளைத் தருமத்துக்கென்று ஒதுக்கலாகாது என்பது அல்பகரா அத்தியாயத்தின் 267-ஆம் வசனம் தரும் பாடம். ஆகவே துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுங்கள். தேக்சாவுக்கு ஈயம் பூசிக் கொடுங்கள். கந்தலைக் கரித்துணியாக்குங்கள், அதற்குத் தருமம் என்று பெயரிடாதீர்கள்.

எல்லாவற்றையும் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பெரிய அண்டாவை வைத்துக்கொண்டு கேட்பவருக்கு இரவல் கொடுத்தாலும் நன்மையே. வாளி, சட்டி, கோடரி போன்ற சிறு புழங்குபொருளையும் தர மறுப்போரை அல்மாஊன் அத்தியாயம் கண்டிக்கிறது என விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர்.

யாருக்குக் கொடுப்பது? முதல் உரிமை உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும். நம் திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் பாதையின் ஓரத்தில் இரவைக் கழிப்போர் பலர். மார்கழிப் பனியில் நம் பெட்டியில் உறங்கும் கம்பளி அவர்களுக்குத் தேவை. ஜகாத் முஸ்லிம்களுக்கே உரியது. நஃபிலான ஸதகாவையோ எம்மதத்தவருக்கும் கொடுக்கலாம். கொடுத்ததைச் சொல்லிக் காட்டாதிருப்பது அவசியம்.

ஓர் எச்சரிக்கை: பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன் தாள்களைப் புரட்டிப் பாருங்கள். திருமறை வசனமுள்ள கிழிந்த ஏடுகளைத் தூய துணியில் சுற்றி, கால்படாத இடத்தில் புதைப்பதே மரியாதை.

இந்த ஜும்ஆவுக்குள் ஒரு பெட்டியையாவது திறப்போம். தேங்கியதை உரியவரிடம் சேர்க்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.