விசையைத் தாங்கும் சக்கரங்கள்

செய்யாற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் கலசப்பாக்கம். அதனை உள்ளிட்ட ஆரணி வட்டாரம் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. அங்கே தறியில் பூட்டப்பெற்ற பட்டு நூல்களை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நீளவாட்டில் செல்லும் பாவு நூல் எப்பொழுதும் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மிதிபலகையை ஒவ்வொரு முறை மிதிக்கும்பொழுதும் அது மேலும் கீழும் பிரியும். அச்சு வந்து மோதும்பொழுது அதன் உராய்வையும் தாங்கும். ஆதலால் பாவுக்குரிய பட்டிழைகளை ஒன்று சேர்த்து நன்கு முறுக்கேற்றுவர். குறுக்கே செல்லும் ஊடைக்கு அத்துணைச் சுமை இல்லை. அதற்கு மிகுந்த முறுக்கும் வேண்டுவதில்லை. எந்த உறுப்பு எவ்வளவு சுமையைத் தாங்க வேண்டுமோ அதற்கேற்ற வலிமையை அதற்கு ஊட்டுதலே நல்ல தொழிலின் இலக்கணமாகும். பட்டுத் தறிக்குப் பொருந்தும் இந்த உண்மை, மிகு விசையுடன் ஓடும் மோட்டார் வண்டிகளுக்கும் பொருந்தும்.

மோட்டார் வண்டியின் எஞ்சினில் பிறக்கும் சுழற்சி நேரே சக்கரங்களைச் சென்று அடைவதில்லை. வண்டி புறப்படும்பொழுதும் மேட்டில் ஏறும்பொழுதும் மிகுந்த முறுக்குவிசை தேவை; சமவெளியில் விரையும்பொழுது வேகமே தேவை. இவ்விரண்டையும் வேண்டியவாறு மாற்றித் தருவது கியர்ப்பெட்டி. ஓட்டுபவர் கையால் மாற்றாமல் தானே இம்மாற்றத்தைச் செய்துகொள்ளும் பெட்டியைத் தானியங்கிக் கியர்ப்பெட்டி என்பர். இதற்கு அடிப்படையான நீர்மச் செலுத்து முறையை ஜெர்மானியப் பொறியியலறிஞர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905ஆம் ஆண்டில் கப்பல்களின் பொருட்டு வகுத்தார். அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம், பெருமளவில் விற்பனையான முதல் முழுத் தானியங்கிக் கியர்ப்பெட்டியைத் தன் 1940ஆம் ஆண்டுக்குரிய கார்களில் பொருத்தியது.

இப்பெட்டி இயங்கும் முறை வியப்பளிப்பதாகும். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றினால் மற்றொன்றும் சுழலத் தொடங்கும். முறுக்குமாற்றி என்னும் உறுப்பில் காற்றுக்குப் பதிலாக எண்ணெய் இவ்வேலையைச் செய்கிறது. எஞ்சினோடு இணைந்த இதழ்கள் எண்ணெயை வீச, எதிரிலுள்ள இதழ்கள் சுழல்கின்றன. இடையிலுள்ள மூன்றாம் இதழ்த் தொகுதி, திரும்பி வரும் எண்ணெயை நல்வழியில் திருப்பி விடுவதால், வண்டி புறப்படும் நேரத்தில் முறுக்குவிசை ஏறத்தாழ இரு மடங்காகிறது. அதன் பின் இருப்பது கோள்சக்கரத் தொகுதி. நடுவில் ஞாயிற்றுச் சக்கரமும், அதனைச் சுற்றிச் சிறு கோள்சக்கரங்களும், அவற்றை வளைத்து வளையச் சக்கரமும் உள்ளன. இவற்றுள் ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் ஒரு வேகமும், மற்றொன்றை நிறுத்தினால் வேறொரு வேகமும் கிடைக்கும். பிடிப்பதும் விடுவதும் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் கிளட்சுத் தட்டுகளின் வேலை.

இனி, பந்தயக் காருக்கோ படைத்துறை ஊர்திக்கோ மிகுந்த ஆற்றலுள்ள எஞ்சினைப் பொருத்துவதாகக் கொள்வோம். எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருமாயின், முறுக்குமாற்றி அதனை 600 ஆக்கும். முதற்கியரில் அது மும்மடங்காகி 1,800 ஆகும். எஞ்சினின் விசையை இரட்டித்தால் இவ்வெண்கள் எல்லாம் இரட்டிக்கும். பழைய தண்டும் பழைய பற்களும் அச்சுமையைத் தாங்குமா? தாங்காவிடில் தண்டு முறுகும், பற்கள் ஒடியும், தட்டுகள் வழுக்கிக் கருகும்.

இவற்றினும் பெரிய பகை ஒன்று உண்டு. அதுவே உலோக அயர்ச்சி. ஒரு கம்பியை ஒரு முறை வளைத்தால் ஒடிவதில்லை; பன்முறை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிகிறது. 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய இரயில் வண்டியொன்று மெடோன் என்னுமிடத்திற்கு அருகே விபத்துக்குள்ளாயிற்று. முன்னின்ற எஞ்சினின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்பார் இரயில் அச்சுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒரே முறையில் முறிப்பதற்குப் போதாத சுமையும், பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப வருமாயின் இரும்பை முறித்துவிடும் என்பதை அவர் மெய்ப்பித்தார். அம்முறிவு பெரும்பாலும் மேற்பரப்பிலுள்ள சிறு கீறலிலோ கூரிய மூலையிலோ தொடங்குகிறது. கியர்ப்பெட்டியின் உறுப்புகளை வலுப்படுத்துவோர் முதலில் மேற்பரப்பைக் கருதுவது இதனாலேயாகும்.

தண்டைச் சற்றுப் பருமனாக்குவது ஒரு வழி. 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டை 33 ஆக்கினால் அதன் முறுக்கு தாங்கும் வலிமை மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆயினும் பெட்டிக்குள் இடம் குறைவு. ஆகவே பருமனைக் கூட்டாமல் பக்குவத்தைக் கூட்டுகின்றனர். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் ஆகியவை கலந்த எஃகைத் தேர்ந்தெடுக்கின்றனர். பற்களுக்குரிய எஃகில் கரியின் அளவு குறைவாகவே இருக்கும். கரி மிகுந்த சூழலில் 900 பாகை செல்சியசுக்கு மேல் பல மணி நேரம் அதனைக் காய்ச்சினால், மேற்பரப்பு கரியை ஏற்றுக்கொள்ளும். பின்பு எண்ணெயில் தோய்ப்பர். நம் நாட்டுக் கொல்லர் அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுப்பதும் இவ்வகையான வேலையே. தோய்த்தபின் மறுபடியும் இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்துவர். இவ்வாறு செய்த பல்லின் மேற்புறம் தேயாத கடினமும், உட்புறம் அதிர்ச்சியைத் தாங்கும் இளக்கமும் பெறும். முழுவதும் கடினமாக்கினால் அது கண்ணாடியைப் போல நொறுங்கிவிடும்.

அடுத்து, சிறு எஃகுக் குண்டுகளை விசையுடன் உறுப்பின்மீது மோதச் செய்வர். அதனால் மேற்பரப்பு நெருக்குண்டு இறுகி, கீறல் எளிதில் வாய் திறவாமல் தடுக்கிறது. கூரிய மூலைகளை வளைவாக்குவதும், மேற்பரப்பை மெருகிடுவதும் உண்டு. மூன்று கோள்சக்கரங்கள் இருந்த இடத்தில் நான்கு அல்லது ஐந்தை வைத்தால் சுமை பகிரப்படும். கிளட்சில் நான்கு உராய்வுத் தட்டுகளுக்குப் பதிலாக ஆறு தட்டுகள் வைத்தால், அது தாங்கும் முறுக்குவிசை ஒன்றரை மடங்காகும். ஆனால் இடம் போதாமல் தட்டுகளை மெல்லியனவாக்கினால் அவை விரைவில் சூடேறி நெளியும். எண்ணெயின் அழுத்தத்தைக் கூட்டினால் பிடிப்பு மிகும். கியர் மாறும்பொழுது குலுக்கலும் மிகும். வெப்பம் எண்ணெயைக் கெடுப்பதால், அதனைக் குளிர்விக்கும் கருவியும் பெரியதாதல் வேண்டும்.

இத்தகைய கடுஞ்சுமையைத் தமிழ்நாட்டிலேயே காணலாம். சென்னையை அடுத்த ஆவடியில் உள்ள படைத்துறை ஆராய்ச்சி நிறுவனம் அர்ஜுன் என்னும் பீரங்கி வண்டியை உருவாக்கியது. 1974ஆம் ஆண்டில் இத்திட்டத்திற்கு ஒப்புதல் கிடைத்தது. 2004ஆம் ஆண்டில் அவ்வண்டி படையில் சேர்க்கப்பட்டது. அதன் முதல் வகையின் எடை 58 டன்னுக்கும் மேற்பட்டது; எஞ்சினின் ஆற்றல் 1,400 குதிரைத்திறன். அவ்வளவு ஆற்றலையும் கோள்சக்கரங்கள் கொண்ட கியர்ப்பெட்டியே சுமந்து சங்கிலிப் பாதங்களுக்கு அளிக்கிறது. அப்பெட்டி ஜெர்மனியின் ரெங்க் நிறுவனம் அளித்தது. மணல்வெளியில் அதன் ஒரு பல் ஒடியுமாயின் வண்டி நின்றுவிடும். உள்ளிருக்கும் நால்வரின் உயிரும் ஊசலாடும்.

வலுப்படுத்தும் வேலையில் மறவாமல் கருதத்தக்கது ஒன்றுண்டு. தண்டை மட்டும் வலுப்படுத்தினால் முறிவு பல்லுக்குச் செல்லும். பல்லை வலுப்படுத்தினால் பின்னச்சுக்குச் செல்லும். ஒரு சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே. வேகத்தைக் கூட்டியவர் அதனை அடக்கும் பிரேக்கையும் வலுப்படுத்தாவிடில், கியர்ப்பெட்டி ஒடியாது; ஆனால் மனிதர் மடிவர். ஆதலால் அறிவுடைய பொறியாளர் ஓர் உறுப்பைத் தொடுமுன் எல்லா உறுப்புகளையும் அளந்து பார்க்கிறார். செய்தபின் சோதித்துப் பார்க்கிறார். கண்ணுக்குத் தெரியாத கீறலையும் காந்தத்தாலும் ஒலியலைகளாலும் தேடிக் காண்கிறார். விசையைப் பெருக்குவது ஆற்றல். பெருகிய விசையைத் தாங்கும் வகையறிந்து அதனைப் பயன்படுத்துவது பொறுப்பு. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த தொழிலே மக்களுக்கு நன்மை பயக்கும்.