கணினியின் தடுமாற்றமும் இணைப்பின் குறையும்

ஊராட்சி அலுவலகத்தின் பேரேடுகளும் ரசீதுப் புத்தகங்களும் இருந்த இடத்தில் இன்று கணினி அமர்ந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'இ-கிராம் ஸ்வராஜ்' என்னும் ஏற்பாட்டின்படி, ஊராட்சியின் திட்டங்களும் வரவு செலவுக் கணக்குகளும் இணையத்திலே பதிவாகின்றன. பட்டா, சிட்டா, பல்வகைச் சான்றிதழ்கள் ஆகியவற்றைக் குடியானவர் இ-சேவை மையங்களில் பெறுகின்றனர். ஆகவே, கணினி தடுமாறினால் அது எழுத்தர் ஒருவரின் சங்கடமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. காட்டு வேலையை விட்டுவந்த விவசாயியின் அரைநாள் பொழுது வீணாகிறது. பின்னலாடைக் கம்பெனியில் வேலை செய்யும் பெண்ணின் ஒரு நேரக் கூலி போகிறது.

இத்தகைய வேளைகளில் பெரும்பாலும் கேட்கும் சொல், "கணினி பழையதாகிவிட்டது; புதியது வாங்கவேண்டும்" என்பதே. சில இடங்களில் அது உண்மையாக இருக்கலாம். ஆயினும், கணினி நல்ல நிலையில் இருந்து, அதனுடன் சேர்ந்த இணைப்பில் மட்டும் குறை இருப்பதும் உண்டு. அவ்வாறானால், ஊராட்சிப் பொதுநிதியிலிருந்து பெருந்தொகை செலவிட்டுப் புதுக் கணினி வாங்கினும் பழைய தொல்லை தொடர்ந்தே தீரும். நோய் எங்கே இருக்கிறது என்று அறிந்த பின்னரே மருந்தைத் தேடவேண்டும். அவ்வாறு அறியும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாமதம் எங்கே நிகழ்கிறது?

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ள வீரபாண்டியும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் பின்னலாடைத் தொழிலும் விசைத்தறியும் வேளாண்மையும் கலந்த பகுதி. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தின் வழக்கம் இவ்வட்டாரத்து விவசாயிகள் நன்கறிந்தது. ஆயக்கட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, முறை வைத்து நீர் விடுகிறார்கள். கடைமடையில் நீர் வரவில்லையெனில் காரணம் பலவாகலாம். அணையில் நீர் குறைந்திருக்கலாம். பிரதான வாய்க்காலில் உடைப்பு இருக்கலாம். மேல்மடைக்காரர் மிகுதியாகப் பாய்ச்சியிருக்கலாம். நமது வயலின் வரப்பிலேயே அடைப்பு இருக்கலாம். விவரமறிந்த விவசாயி முதலில் தன் வயலின் மடையைப் பார்த்து, பிறகு படிப்படியாக மேலே நடந்து செல்வார்.

கணினியின் இணைப்பும் இப்படிப்பட்டதே. தொலைவில் உள்ள அரசு அலுவலகத்தின் பெருங்கணினி அணையைப் போன்றது. கண்ணாடியிழைக் கம்பி பிரதான வாய்க்கால். அலுவலகச் சுவரில் விளக்குகளுடன் இருக்கும் 'ரூட்டர்' என்னும் பெட்டி மடை. அங்கிருந்து மேசைக்கு வரும் கேபிளோ, வைஃபை அலையோ வயல் வாய்க்கால். கணினியே வயல். மேசையில் தொடங்கி வெளியே செல்லுதலே ஆராய்ச்சிக்கு உரிய வழி.

முதற் சோதனை

காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கணினி திணறிக்கொண்டிருக்கும்போதே, அதில் செருகியுள்ள இணைப்புக் கேபிளைக் கழற்றுக. வைஃபை எனில் அதனை அணைத்திடுக. பின்னர், கணினியிலேயே சேமித்துள்ள ஒரு கடிதத்தைத் திறந்து சில வரிகள் தட்டச்சு செய்து பார்க்கவும். இதன் விளைவு மூவகைப்படும்.

ஒன்று: இணைப்பைக் கழற்றிய பின்னும் மவுஸ் குறி தத்தித் தத்தியே நகர்ந்தால், குற்றம் இணைப்பினது அன்று. நினைவகம் போதாமை, வட்டு பழுது, வெப்பம் ஆகியவற்றை ஆராயவேண்டும். இவ்வட்டாரத்தில் பஞ்சுத் தூசியை மறத்தல் ஆகாது. பனியன் கம்பெனிகளிலும் தறிக்கூடங்களிலும் காற்றில் மிதக்கும் பஞ்சு, கணினியின் விசிறியில் படிந்து அடைத்துவிடும். சூடு மிகுந்தால் கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்தி விசிறியைத் துடைத்தாலே இக்குறை தீர்வதுண்டு.

இரண்டு: கழற்றியவுடன் கணினி இயல்பாக ஓடி, மீண்டும் செருகியவுடன் திணறினால், இணைப்பே கணினியைத் தடுமாறச் செய்கிறது என்பது தெளிவு.

மூன்று: கணினி எப்பொழுதும் இயல்பாகவே ஓடுகிறது, இணையப் பக்கங்கள் மட்டும் தாமதமாக வருகின்றன எனில், கணினியை விட்டு வெளி வழியை ஆராயவேண்டும்.

இணைப்பு கணினியைத் திணறச் செய்வது எவ்வாறு?

இணையத்தின் வழியே வரும் செய்திகள் சிறுசிறு பொட்டலங்களாக வருகின்றன. அவை வந்து சேரும்போது, கணினியிலுள்ள இணைப்பு அட்டை, கணினியின் மூளையாகிய செயலியை அழைத்து, "வந்துள்ளதைப் பெற்றுக்கொள்" என்று அறிவிக்கும். செயலி தன் வேலையை ஒரு கணம் நிறுத்திவிட்டு அதனைக் கவனிக்கும். அட்டையை இயக்கும் 'டிரைவர்' என்னும் மென்பொருள் பழுதாயிருந்தால், இந்த ஒரு கணம் நீண்டுவிடும். அப்போது மவுஸ் குறி துள்ளும். ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். எழுத்துக்கள் தாமதமாகத் தோன்றும். கணினியையோ அட்டையையோ செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து தக்க டிரைவரைப் பெற்று நிறுவுதல் இதற்குப் பரிகாரம். யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறு வைஃபை வில்லையானால், வேறொன்றை மாற்றிப் பார்த்தாலே உண்மை விளங்கும்.

இரண்டாவது காரணம், இல்லாத ஒன்றைக் கணினி தேடிக்கொண்டிருத்தல். முன்பு வேறொரு கணினியிலிருந்த கோப்புறையோ, வலையமைப்பில் இணைந்த பிரிண்டரோ இப்பொழுது அகற்றப்பட்டிருக்கலாம். ஆயினும் நமது கணினி அதனை நினைவில் வைத்துக்கொண்டு, கோப்புகளைத் திறக்கும்போது அதனைத் தேடி, விடைக்காகக் காத்து நிற்கும். பார்ப்பவருக்குக் கணினி உறைந்துவிட்டதாகவே தோன்றும். பயனற்ற அந்தப் பழைய இணைப்புகளை நீக்கிவிடுதல் வேண்டும்.

மூன்றாவது, நாம் அறியாமல் நடக்கும் வேலை. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளுதல், கோப்புகள் தாமாகவே இணையச் சேமிப்பிற்குச் செல்லுதல், தீய நிரல்கள் செய்தி அனுப்புதல் ஆகியவை இவ்வகையின. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பட்டியல் தோன்றும். செயலி, நினைவகம், வட்டு, வலையமைப்பு ஆகியவற்றை எந்த நிரல் எவ்வளவு பயன்படுத்துகிறது என்பதை அதில் காணலாம். புதுப்பித்தலை அறவே நிறுத்துவது பாதுகாப்பன்று. அலுவல் நேரத்திற்குப் பின் நடைபெறுமாறு ஏற்பாடு செய்வதே முறை.

கேபிளும் வைஃபையும்

கேபிளினுள் எட்டு மெல்லிய கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. 1,000 மெகாபிட் வேகத்திற்கு நான்கு இணைகளும் வேண்டும். 100 மெகாபிட்டிற்கு இரண்டு இணைகள் போதும். எலி கடித்தோ, மேசைக்காலில் நசுங்கியோ ஓர் இணை பழுதானால், இணைப்பு அறுபடாமலே வேகம் மட்டும் குறைந்துவிடும். அல்லது பொட்டலங்கள் சிதைந்து மீண்டும் மீண்டும் அனுப்பப்படும். நல்லது என்று தெரிந்த வேறொரு கேபிளைச் செருகிப் பார்த்தலே சோதனை. ஒரே கேபிள் 100 மீட்டர் தொலைவிற்கு மேல் செல்லலாகாது. மோட்டார்களுக்கும் தறிகளுக்கும் செல்லும் மின்கம்பிகளோடு ஒட்டி நெடுந்தூரம் கொண்டுசெல்வதும் தவறு. மின்கம்பியைக் கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்கச் செய்க.

வைஃபை அலை தகரக் கூரையையும் இரும்பு அலமாரியையும் கான்கிரீட் சுவரையும் எளிதில் தாண்டுவதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் 1, 6, 11 என மூன்றே உள்ளன. கம்பெனிகளும் கடைகளும் வீடுகளும் நெருங்கியுள்ள வீரபாண்டி போன்ற இடத்தில், பல ரூட்டர்கள் இம்மூன்று பாதைகளையே பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க நேரிடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெருக்கடி குறைவு. ஆனால் சுவரைத் தாண்டும் வலிமையும் குறைவு. மேசையை விட்டு நகராத அலுவலகக் கணினிக்குக் கேபிளே உகந்தது.

ரூட்டரும் மின்சாரமும்

கணினிக்கு யு.பி.எஸ். வைத்துவிட்டு, ரூட்டரைச் சாதாரணச் சுவர்த் துளையில் செருகியிருப்பது எளிதில் நேரும் பிழை. மின்சாரம் ஒரு கணம் போய் வந்தாலும் ரூட்டர் அணைந்து, மீண்டும் எழுந்து இணைப்பைப் பெறச் சில நிமிடங்களாகும். கணினியோ அணையவில்லை, ஆகவே பழி கணினியின்மேல் விழுகிறது. ரூட்டரையும், கண்ணாடியிழை வந்து சேரும் பெட்டியையும் யு.பி.எஸ்ஸில் இணைத்துவிட்டால் இத்தொல்லை ஒழியும். அவற்றை மூடிய அலமாரிக்குள் வைத்துப் புழுங்க விடுதலும் கூடாது.

கண்ணாடியிழைப் பெட்டியில் 'லாஸ்' எனக் குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இழை அறுந்தோ கூர்மையாக மடிந்தோ இருக்கலாம். இதனை இணைப்பு தருவோரே சீர்செய்யவேண்டும். அறுந்த இழையின் நுனியைக் கண்ணருகே கொண்டு பார்த்தல் ஆபத்து. அதில் வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாது, ஆயினும் கண்ணைக் கெடுக்கும்.

வேகம் வேறு, தாமதம் வேறு

இணைப்பின் வேகம் மெகாபிட் அளவிலும், கோப்பின் அளவு மெகாபைட்டிலும் கூறப்படும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 5 மெகாபைட் அளவுள்ள ஓர் ஆவணத்தின் நகலை ஏற்ற, வினாடிக்கு 10 மெகாபிட் வேகமானால் 4 வினாடிகள் போதும்; 1 மெகாபிட் ஆனால் 40 வினாடிகள் ஆகும். இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகம் குறைவாக உள்ள இணைப்புகளும் உண்டு. இரண்டையும் கேட்டறிதல் நலம்.

வேகம் போதுமானதாயிருந்தும் தாமதம் ஏற்படலாம். கண்காணிப்புக் கேமராவின் படங்கள் இடைவிடாது வெளியே சென்றுகொண்டிருந்தால், ரூட்டரில் பொட்டலங்கள் வரிசைகட்டி நிற்கும். எழுத்தர் அனுப்பும் சிறு செய்தியும் அவ்வரிசையின் கடைசியில் நின்றே செல்லவேண்டும். மேல்மடைக்காரர் இரவு பகலாகப் பாய்ச்சினால் கடைமடை காய்வது போன்றதே இது. கேமராவின் அளவைக் குறைத்தும், கைப்பேசிகளின் தானியங்கிச் சேமிப்பை நிறுத்தியும், அலுவலக வைஃபையின் கடவுச்சொல்லைக் கண்டவர்க்கெல்லாம் கொடாதும் இதனைத் தவிர்க்கலாம்.

'பிங்' என்னும் அளவுகோல்

விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் 'ஐபிகான்ஃபிக்' என்னும் கட்டளையை ஆங்கிலத்தில் இட்டால், 'டீஃபால்ட் கேட்வே' என்ற இடத்தில் ரூட்டரின் எண் தெரியும், அது 192.168.1.1 போன்றிருக்கும். பின்னர் 'பிங்' என்னும் கட்டளையோடு அவ்வெண்ணை இட்டால், கணினி நான்கு முறை ரூட்டருக்குச் செய்தி அனுப்பி, விடை வந்த நேரத்தை மில்லிவினாடியில் காட்டும். கேபிள் வழியே இது ஓரிரு மில்லிவினாடிக்குள் இருப்பது இயல்பு. விடை வராமற்போனாலோ, நேரம் ஏறி இறங்கினாலோ, குறை மேசைக்கும் ரூட்டருக்கும் இடையிலேதான்.

ரூட்டர் ஒழுங்காக விடையளிக்கிறதெனில், அடுத்து 8.8.8.8 என்னும் எண்ணைச் சோதிக்கலாம். அது கூகுள் நிறுவனம் பொதுமக்களுக்காக நடத்தும் பெயரறி கணினியின் எண். இங்கே விடை தவறினால், முன் கூறிய நெருக்கடி இல்லையென்று உறுதி செய்துகொண்டு, வெளி வழியில் குறையெனக் கொள்ளலாம். இரண்டும் செம்மையாயிருந்து குறிப்பிட்ட ஓர் அரசுத் தளம் மட்டும் திறக்கவில்லையெனில், குறை அத்தளத்தில் இருத்தல் கூடும். அப்போது நமது கணினியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பதில் பயனில்லை. சில தளங்கள் பாதுகாப்பின் பொருட்டு 'பிங்'கிற்கு விடையளிப்பதில்லை. அது மட்டுமே பழுதுக்குச் சான்றாகாது.

குறிப்பேடு ஒன்று வேண்டும்

ஊராட்சி அலுவலகத்தில் இதற்கென ஒரு குறிப்பேடு வைத்தல் நலம். நாள், நேரம், என்ன வேலை செய்தபோது தடுமாறியது, விளக்குகளின் நிறம், இருவகைப் 'பிங்'கின் அளவு ஆகியவற்றைச் சில நாட்கள் எழுதிவந்தால், குறை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். காலை 11 மணிக்கு மட்டும் நிகழ்வதும், மின்சாரம் போய்வரும்போது மட்டும் நிகழ்வதும் வெவ்வேறு காரணத்தால் ஆவன. இணைப்பு தருவோரிடம் "மெதுவாக இருக்கிறது" என்று கூறுவதைவிட, ஒரு வாரக் குறிப்பை முன்வைத்துக் கேட்பது வலிமையுடையது. 2023ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த வரையறையின்படி, வினாடிக்குக் குறைந்தது 2 மெகாபிட் இறக்கும் வேகம் இருந்தால்தான் அது அகன்ற அலைவரிசை இணைப்பு எனப்படும். நாம் பணம் செலுத்துவது எத்தனை மெகாபிட்டிற்கு, வந்து சேர்வது எத்தனை என்று கேட்க ஊராட்சிக்கு முழு உரிமை உண்டு.

கிராமங்கள்தோறும் கண்ணாடியிழை கொண்டுசெல்லும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. பின்னர் அது 'பாரத்நெட்' எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் அதனை நிறைவேற்ற 'டான்ஃபினெட்' என்னும் நிறுவனத்தை மாநில அரசு அமைத்தது. இத்தனை பொருட்செலவில் ஊர் எல்லை வரை வந்த வாய்க்கால், அலுவலகத்தின் உள்ளே நசுங்கிய ஒரு கேபிளால் பயனற்றுப் போகலாகாது. புதுக் கணினி வாங்கும் தீர்மானம் கூட்டத்தின் முன் வரும்போது, "இணைப்பைக் கழற்றிச் சோதித்தீர்களா? வேறு கேபிள் போட்டுப் பார்த்தீர்களா? குறிப்பேடு எங்கே?" என்று உறுப்பினர்கள் கேட்கவேண்டும். இம்மூன்று வினாக்களும் ஊராட்சியின் பணத்தையும் மக்களின் பொழுதையும் காக்கும்.