வானொலியின் காலை இசையும் வால்டர் காஃப்மனும்

கடலூர் முதுநகரில் நான் சிறுவனாக இருந்த நாளில் எங்கள் தெருவில் கடிகாரம் இருந்த வீடுகள் குறைவு. தேநீர்க் கடை வானொலிதான் எல்லாருக்கும் மணி சொல்லும். விடியற்காலையில், செய்திக்கும் பக்திப் பாடலுக்கும் முன்பு, தம்புராவின் ரீங்காரத்தின் மேல் வயலின் ஒன்று மெல்ல எழுந்து வரும். திருச்சி நிலையம் திறந்துவிட்டது என்று அதற்குப் பொருள். அந்த இசையைக் கேட்டுத்தான் என் தாயார் அடுப்பு மூட்டுவார். அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து இயற்றியிருப்பார் என்று அன்று நான் நினைத்ததே இல்லை. கோழி கூவுவதைப் போல அதுவும் தானாக வருவதென்றே எண்ணியிருந்தேன்.

பின்னர்த்தான் தெரிந்தது, அகில இந்திய வானொலியின் அந்த முகப்பிசையை அமைத்தவர் என்று பெரிதும் கருதப்படுபவர் வால்டர் காஃப்மன் என்னும் ஐரோப்பியர் என்பது. அது சிவரஞ்சனியின் சாயல் கொண்டது என்பர். வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா என்றும் சொல்லப்படுகிறது. உலகப் புகழ் பெற்ற சுபின் மேத்தாவின் தந்தையார் அவர்.

காஃப்மன் ஒரு கண்டக்டர். மாணவ நண்பர்கள் உடனே பேருந்தையும் விசிலையும் நினைக்க வேண்டா! மேலை நாட்டு இசையரங்கில் அறுபது, எழுபது பேர் வெவ்வேறு கருவிகளை ஒருங்கே வாசிப்பர். அவர்கள் முன் சிறு கோல் ஒன்றுடன் நின்று, யார் எங்கே தொடங்குவது, எங்கே அடங்குவது என்று கையசைவால் நடத்துபவரையே அப்பெயரால் அழைப்பர். நம் கச்சேரியில் பாடகரின் தொடையில் விழும் தாளமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அவர் 1907இல் கார்ல்ஸ்பாட் நகரில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்தது. இன்று செக் நாட்டில் கார்லோவி வாரி எனப்படுகிறது. பெர்லினில் இசை பயின்றார். பிராகா நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடும் எழுதி முடித்தார். ஆனால் தம் பேராசிரியர் நாஜி இளைஞர் குழுவொன்றின் தலைவர் என அறிந்ததும், அந்தப் பட்டமே வேண்டாமென்று விட்டுவிட்டார். காஃப்மன் யூத மரபினர். ஆயினும் ஆண்டுக் கணக்கில் உழைத்துப் பெற வேண்டிய பட்டத்தைக் கையருகில் வந்தபின் உதறுவதற்கு மரபு மட்டும் போதாது, நெஞ்சுரமும் வேண்டும்.

1934இல் அவர் பம்பாய் வந்து சேர்ந்தார். ஏன் இந்தியா என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விடை எளியது: நுழைவு அனுமதி எளிதில் கிடைத்தது!

நம் இசையை அவர் முதலில் கேட்டது இசைத்தட்டில். அது முற்றிலும் அந்நியமாக, ஒன்றும் விளங்காததாக இருந்ததாம். இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதன் பின் அவர் எண்ணிப் பார்த்த முறைதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. இதயமும் அறிவும் உள்ள மனிதர்கள் படைத்த இசை இது. இலட்சக்கணக்கானோர் இதை நேசிக்கிறார்கள். ஆகவே குறை என்னிடத்தில்தான் இருக்க வேண்டும். அது பிறந்த இடத்துக்கே போய்க் கற்பதுதான் வழி. இவ்வாறு முடிவு செய்தார் அவர்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இளமையில், சிதம்பரத்தில் இசை பயின்றுகொண்டிருந்த என் நண்பர் ஒருவரின் அறையில் மேலை நாட்டு இசைத்தட்டு ஒன்று சுழன்றது. ஐந்து நிமிடம் கேட்டேன். "என்ன ஐயா, சந்தைக் கடை இரைச்சல்!" என்று சொல்லி நிறுத்தச் செய்தேன். குறை என்னிடத்தில் இருக்கக்கூடும் என்ற எண்ணம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நிற்க. பம்பாயில் காஃப்மன் ஓர் அறையிசைக் கழகம் நிறுவி, வியாழன் தோறும் மேலை இசை அரங்குகள் நடத்தினார். மெஹ்லி மேத்தா வயலின், காஃப்மன் பியானோ. 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியில் மேலை இசைப் பகுதியை நடத்தினார். இடையே கோண்டு, பைகா பழங்குடியினரின் பாடல்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அதே 1941இல்தான் இங்கே அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடி, தமிழ்ப் பாடல்களுக்குத் தமிழ் மேடையில் இடம் வேண்டுமென்று முழங்கியது. தம் ஊரை இழந்த ஒருவர் பிறர் இசையைக் கற்றுக்கொண்டிருந்தபோது, சொந்த ஊரில் இருந்த நாம் நம் மொழியின் பாட்டுக்காக வாதாட வேண்டியிருந்தது.

1946இல் இந்தியாவை விட்டுச் சென்றார். 1948 முதல் கனடாவில் வின்னிபெக் நகர இசைக்குழுவை நடத்தினார். பின்பு அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1968இல் வட இந்திய இராகங்களைப் பற்றியும், 1976இல் தென்னிந்திய இராகங்களைப் பற்றியும் பெருநூல்கள் வெளியிட்டார். 1984இல் அங்கேயே காலமானார்.

தென்னிந்திய இராக நூலைக் காட்டியவரும் அதே சிதம்பரத்து நண்பர்தான். 72 மேளங்களின் வரிசையில், ஜன்ய இராகங்களின் சுர அமைப்புகள் மேலை நாட்டு ஐந்து கோட்டு முறையில் எழுதப்பட்டுள்ளன. நான் தாவரவியல் ஆசிரியன். எனக்கு அது உலர் தாவரத் தொகுப்பாகவே தோன்றியது. செடியைப் பறித்து, அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டிப் பெயர் எழுதி வைக்கிறோம். மணம் போய்விடும்; நிறமும் மங்கும். ஆனால் அந்தத் தாள் இல்லாமல் இனம் பிரித்தறிவது கடினம். அந்நூலைக் குறைத்துப் பேசும் இசைவாணர்கள் உண்டு. சுர வரிசை இராகம் ஆகாது என்பது அவர்கள் வாதம். வாதம் சரியே. ஆனால் அந்நூலும் தன்னைச் சுர வரிசைகளின் அட்டவணை என்றே அறிவித்துக்கொள்கிறது. தாளில் ஒட்டிய செடியிடம் மணம் எங்கே என்று கேட்பது எவ்விதத்தில் நியாயம்?

ஆரபியும் தேவகாந்தாரியும் 29ஆம் மேளமாகிய தீரசங்கராபரணத்தில் பிறந்தவை. ஏறும்போது இரண்டுக்கும் அதே ஐந்து சுரங்கள். இறங்கும்போது அதே ஏழு. தாளில் எழுதினால் ஒன்றுக்கொன்று வேற்றுமை காண முடியாது. "பிறகு எப்படி ஐயா பிரிப்பது?" என்றேன் நண்பரிடம். தெற்கு வீதியில் அவர் வீட்டுத் திண்ணையில் மாலை நேரம். அவர் பதில் சொல்லவில்லை. பஞ்சரத்தினத்து 'சாதிஞ்செனே'யின் ஆரபியைத் தொடங்கினார். சுரங்கள் அசைவின்றி, படியேறும் பிள்ளைகளைப் போல விரைந்தன. பிறகு கோபாலகிருஷ்ண பாரதியார் தில்லைக் கூத்தனை நோக்கிப் பாடிய 'எந்நேரமும்' என்னும் தேவகாந்தாரிக் கீர்த்தனை. அதே சுரங்கள் இப்போது நின்று, தோய்ந்து, ஊஞ்சலாடி நகர்ந்தன. வீதியில் போன ஒருவர் மிதிவண்டியை நிறுத்திவிட்டு நின்றார்.

மடியில் விரித்திருந்த நூலை மூடி வைத்தேன். இன்னொரு முறை பாடச் சொன்னேன். பாடி முடித்தபின், அன்று நான் நிறுத்தச் சொன்ன இசைத்தட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே எழுந்து உள்ளே தேடப் போனார்.