குறுமுகவரியும் மோசடிக்காரரும்

இணையத்தில் சில பக்கங்களின் முகவரி நூறு எழுத்துக்கு மேல் நீளும். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்கையில் ஓர் எழுத்துப் பிசகினாலும் பக்கம் வராது. இத்தொல்லை தீர, 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தவரான கெவின் கில்பர்ட்சன் ‘டைனியூஆர்எல்’ எனும் இலவசச் சேவையைத் தொடங்கினார். (அவர் ஒற்றைச் சக்கர வண்டிப் பிரியர்.) அதைப் போன்ற பல சேவைகள் பின்னர் தோன்றின.

இவை செயல்படும் விதம் எளிது. நீண்ட முகவரியைக் கொடுத்தால், சேவையின் கணிப்பொறி அதைப் பட்டியலில் பதிந்துகொண்டு, ஒரு சிறு குறியீட்டைத் தரும். ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 26, பெரிய எழுத்துகள் 26, இலக்கங்கள் 10, ஆக 62. ஆறிடக் குறியீடு என்றால் 62இன் ஆறாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 5,680 கோடி குறியீடுகள் கிடைக்கும். குறியீட்டைச் சொடுக்குபவரைக் கணிப்பொறி பட்டியலைப் பார்த்து உரிய பக்கத்துக்குத் திருப்பிவிடும்.

இங்கேதான் சிக்கல். சேருமிடம் வெளியே தெரிவதில்லை. மோசடிக்காரருக்கு வேண்டியதும் அதுவே. போலி வங்கிப் பக்கத்தைக் குறுமுகவரிக்குள் மறைத்து அனுப்புகிறார்கள். புகார் வந்து ஒன்றை நீக்கினால், அடுத்த நொடியே வேறொன்று முளைக்கும். உருவாக்குவது இயந்திரம், ஆராய்ந்து நீக்குவதோ பெரும்பாலும் மனிதர். இதனிடையே அஞ்சல் வடிகட்டிகள் அச்சேவையின் பெயரையே தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டால், ஓர் ஆசிரியர் தம் மாணவர்களுக்கு அனுப்பிய நேர்மையான முகவரியும் முடங்கிப்போகும். நடத்துபவருக்கு இதைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை.

மோசடிக்காரரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வடிகட்டிகளுக்குத் தப்ப, செய்திக்கு ஒரு புதுக் குறுமுகவரியாக 10 லட்சம் செய்திகள் அனுப்புகிறார் என்று கொள்வோம். லட்சத்தில் ஒருவர் ஏமாந்து ஆளுக்கு 5,000 ரூபாய் இழந்தால், அவருக்கு வரவு 50,000 ரூபாய். செலவோ ஏறக்குறைய பூஜ்யம். முகவரிக்குப் பத்துப் பைசா கட்டணம் இருந்தால்? செலவு ஒரு லட்சம், தொழில் நஷ்டம்! நாளைக்கு மூன்று முகவரி எடுக்கும் மாணவருக்கு ஆவது முப்பது பைசாதான்.

ஆனால் பத்துப் பைசாவை வசூலிப்பதே பெரும்பாடு. பைசாவுக்குப் பதில் கணிப்பொறியின் உழைப்பையே கேட்கலாமே! மின்னஞ்சலுக்காக இந்த யோசனையை 1992இல் சிந்தியா டுவோர்க், மோனி நாவோர் ஆகியோர் முன்வைத்தனர். 1997இல் ஆடம் பாக் என்பவர் ‘ஹாஷ்கேஷ்’ முறையை அமைத்தார். பெட்டியின் எண்பூட்டைப் போன்றது இது. மூன்றிலக்க எண்ணைக் கண்டுபிடிக்க ஆயிரம் முறை வரை முயல வேண்டும். சரிதானா என்று பார்க்க ஒரு முறை போதும். இருபது இரும இலக்கம் கொண்ட புதிருக்குச் சராசரியாக 2இன் இருபதாம் அடுக்கு, அதாவது 10,48,576 முயற்சிகள் தேவை. சரிபார்ப்பதோ நொடியின் சிறு துளியில் முடியும்.

அழகான யோசனைதான். எனினும் 2004இல் பென் லாரி, ரிச்சர்ட் கிளேட்டன் இருவரும் மின்னஞ்சலுக்கு இதைக் கணக்கிட்டுக் கைவிரித்தனர். மோசடிக்காரர் நச்சுநிரல் புகுத்திப் பிறருடைய கணிப்பொறிகளைத் திருட்டுத்தனமாக வேலை வாங்குகிறார், மின்கட்டணமும் அவருடையதன்று. அவரைத் தடுக்கும் அளவுக்குப் புதிரைக் கடினமாக்கினால், நேர்மையாக அஞ்சல் அனுப்புவோரில் ஒரு பகுதியினரும் சிக்கிக்கொள்வார்கள். குறுமுகவரிக்கும் இதே கதிதான். பழைய, வேகம் குறைந்த கைப்பேசி வைத்திருப்பவரே முதலில் நின்றுபோவார்.