சேஸியில் துளை போடும் முன்

திருப்பாலைவனம்

அன்பு மருமகனுக்கு,

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு உன் கைக்கு வந்ததில் எனக்கும் சந்தோஷம். பொன்னேரி ரோட்டு வளைவில் வண்டி சாய்கிறது, நண்பன் தன் எஸ்டீம் காரில் போடப்போவதுபோல் நானும் பின்பக்கம் ஸ்டெபிலைசர் பார் போடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பொறு.

அந்த பார் என்பது வளைத்த ஸ்பிரிங் எஃகுக் கம்பி. நடுப்பகுதி ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கும்; இரு முனைகளும் லிங்க் வழியாகச் சக்கரங்களோடு சேரும். ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கினால் கம்பி முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். இரண்டும் சேர்ந்து ஏறினாலோ இறங்கினாலோ அதற்கு வேலையே இல்லை. பழவேற்காட்டில் பாய் கட்டிய படகு சாய்ந்தால் ஆட்கள் எதிர்ப்பக்கம் போய் உட்காருவார்கள். பார் செய்வது அதற்கு நேர்மாறு: சாய்வைக் குறைக்கும்போதே, அந்த அச்சின் உள்சக்கரத்துப் பாரத்தை எடுத்து வெளிச்சக்கரத்தில் ஏற்றிவிடும். அதனால் அந்த அச்சின் பிடி குறையும்.

எஸ்டீம் முன்சக்கர இழுவை. வேகமாகத் திருப்பினால் மூக்கு வெளியே ஓடும். பின்பக்கத்துப் பிடி கொஞ்சம் குறைந்தால் அங்கே நல்லதுதான். வண்டி சொன்னபடி திரும்பும்.

உன் வண்டி வேறு சாதி. 1961 முதல் சென்னையில் செய்த ஹெரால்டில், பின் அச்சு டிஃபரன்ஷியலின் இரு பக்கமும் கீல் போல மடங்கும்; சக்கரமும் அதோடு சாயும். வளைவில் அழுத்தினால் பின்பக்கம் மேலே எழும்பி, சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கப் பார்க்கும். டயர் ஓரத்தில் மட்டும் நிற்கும், பின்பக்கம் சட்டென்று வீசும். பார் போட்டால் வெளிச்சக்கரத்தின் சுமை இன்னும் கூடும். இதே அமைப்பில் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கு 1970-இல் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? பின் பட்டை ஸ்பிரிங்கின் சாய்வெதிர்ப்பைக் குறைத்து, முன்பக்க பாரைத் தடிமனாக்கியது. இங்கே ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸல் காரில் மடங்கும் அச்சையே எடுத்துவிட்டார்கள்.

நம் மாவட்டத்துச் சோழவரம் விமானத்தளத்தில் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை ஊரே அங்கே திரண்டது. வளைவில் வேகமாகத் திருப்பும் அந்த ஆசை உனக்குள்ளும் இருப்பது எனக்குப் புரிகிறது.

இப்போதைக்கு நண்பன் வண்டியில் பார் போடும் வேலை நடக்கும்போது கூட நின்று கற்றுக்கொள். நம் மணல் தரையில் ஜாக்கின் அடியில் கனமான பலகை வை. ஸ்டாண்ட் கொடுக்காமல் அடியில் படுக்காதே. பிரேக் ஹோஸிலும் பெட்ரோல் டேங்கிலும் கம்பி உரசுகிறதா பார். நான்கு சக்கரமும் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகே லிங்க் நட்டுகளைக் கடைசியாக முறுக்கு. தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் புஷ் கிழியும். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்பானர் போடு. தடிமனில் ஆசைப்படாதே: விறைப்பு, விட்டத்தின் நான்காம் மடியாக ஏறும். 16 மில்லிமீட்டருக்குப் பதில் 18 போட்டால் அறுபது சதவீதம் கூடுதல்.

உன் ஹெரால்டுக்கு முதலில் நல்ல டயர், புது ஷாக் அப்சார்பர், புஷ்கள். பழவேற்காட்டு ஏரிக் காற்றின் உப்பு சேஸியை எங்கே தின்றிருக்கிறது என்று தட்டிப் பார்ப்பது அதற்கும் முன்னால். ஞாயிறன்று வண்டியோடு வா, சேர்ந்தே பார்ப்போம். அதுவரை ட்ரில்லிங் மெஷினைத் தொடாதே.

அன்புடன்,
உன் மாமா