கணக்கு நோட்டோடு மல்லுக்கட்டும் வீடுகளுக்கு

1. 25-ல் 16% எவ்வளவு என்று பிள்ளை திணறினால், திருப்பிப் போடச் சொல்லுங்கள். 16-ல் 25% என்றாலும் விடை அதேதான், கால் பாகம், 4.

2. 850 ரூபாயில் 15% வேண்டுமா? முதலில் 10% எடுங்கள், 85. அதில் பாதி 42.50-ஐக் கூட்டினால் 127.50. பேனாவே வேண்டாம்.

3. ஆடித் தள்ளுபடியில் "20%, அதன் மேல் 10%" என்று எழுதியிருந்தால் 30% என்று எண்ணிவிடாதீர்கள். 1000 ரூபாய்ப் புடவை முதலில் 800 ஆகும், பிறகு 720. மொத்தத் தள்ளுபடி 28%தான். கடையிலேயே பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்லுங்கள், பரீட்சையிலும் மறக்காது.

4. 15% தள்ளுபடி போக 680 ரூபாய் என்றால் குறித்த விலை என்ன? நிறையப் பிள்ளைகள் 680-க்கு 15% கண்டு கூட்டிவிடுவார்கள், அங்கேதான் மதிப்பெண் போகும். 680 என்பது 85%, ஆகவே 1% என்பது 8 ரூபாய், விலை 800.

5. 40-க்கு வாங்கிய மதிப்பெண்ணை இரண்டரையால் பெருக்கினால் சதவீதம். 80-க்கு என்றால் கால் பங்கைச் சேர்த்தால் போதும். 64 என்பது 80%.

6. பல்லுறுப்புக் கோவைகளைக் கழிக்கும்போது, இரண்டாவது கோவையின் எல்லாக் குறிகளையும் வேறு நிற மையால் மாற்றி எழுதிவிட்டுக் கூட்டச் சொல்லுங்கள். முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறப்பதுதான் வழக்கமான பிழை.

7. தொகுமுறை வகுத்தலில் விடுபட்ட அடுக்குக்கு 0 போட மறக்கக் கூடாது. 2எக்ஸ்³ − 5எக்ஸ் + 3 என்றால் 2, 0, −5, 3 என்று எழுத வேண்டும்.

8. அதே கோவையில் கெழுக்களையும் மாறிலியையும் கூட்டிப் பாருங்கள், 0 வருகிறது. அப்படி வந்தாலே எக்ஸ்−1 ஒரு காரணி. வராவிட்டால், இரட்டைப்படை அடுக்குகளின் கெழுக்களோடு மாறிலியைக் கூட்டுங்கள். அது ஒற்றைப்படை அடுக்குகளின் கெழுக்கூடுதலுக்குச் சமமானால் எக்ஸ்+1 காரணி. ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கும் நேரம் மிச்சம்.

9. பெருக்கல் சரியா என்று பார்க்க எக்ஸுக்கு 1 போடுங்கள். (எக்ஸ்+2)(எக்ஸ்+3) என்பது 3×4, அதாவது 12. விடையான எக்ஸ்²+5எக்ஸ்+6 என்பதிலும் 12. தற்செயலாகவும் பொருந்தலாம் என்பதால் 2-ஐயும் ஒருமுறை போட்டுவிடுவது நல்லது.

10. பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தைத் தூக்கிப் போடாதீர்கள். நீள் வகுத்தல் முழுவதும் ஒரே தாளில் அடங்கும், எந்த வரியில் குறி தவறியது என்று நீங்களும் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம்.